சரிவும் நரிக்கலட்டியும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் வீட்டுக்காரர். அவரை வளர்த்தெடுக்கத்தான் அதிக காலம் பிடித்தது. ஒருவழியாக ஆளாக்கி முடித்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத வரும். ஆனால் நான் எழுதியதைப் பிறகு என்னாலேயே வாசிக்க முடியாது, அதற்கு வேறு ஆள் வேண்டும். ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மலர் அடிக்கிறார்கள். "அம்மா, ஊரிலையிருந்து வந்திருக்கிறியள், பயணத்தைப் பற்றி ஏதும் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். சந்தைக்குப் போய் வந்தாலே ஒரு கிழமைக்குக் கதை வைத்திருக்கிற நான், கனடாவுக்கு வந்துவிட்டு வாயை மூடிக்கொண்டா இருப்பேன்?

வந்த காரியம் இதுதான். என் மூன்றாவது மகள் வசந்தி ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் இருக்கிறாள். அவளுடைய மகள் ஆரணிக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை வெள்ளைக்காரர், எரிக் பாக்கன் என்று பெயர். வெள்ளை என்பதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. வழக்கு வேறு. வசந்தி கலியாண அட்டையின் மாதிரியைப் போனில் அனுப்பியிருந்தாள். பெண் பக்கத்தில் 'யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்த' என்று அழகாக இருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் அந்த இடத்தில் வெறும் கோடு. எங்கள் அட்டை எதையும் எடுத்துப் பாருங்கள், ஆளுடைய பெயருக்கு முன்னால் ஊருடைய பெயர் நிற்கும். ஊர் இல்லாமல் ஒரு மனிதனை எப்படிச் சபையில் இருத்துவது?

"பிள்ளை, அட்டையை அச்சுக்குக் குடுத்திடாதை. நான் வந்து ஊர் விசாரிக்கிறன்" என்று சொல்லிவிட்டேன்.

வசந்திக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. அதற்குக் காரணம் உண்டு. கொழும்பில் இருக்கிற என் மூத்த மகன் நான் தலையாட்டாத கலியாணத்துக்கு வரமாட்டான். தாய்மாமன் வராத கலியாணம் வசந்திக்குக் கலியாணமே இல்லை. ஆகவே முழுப் பாரமும் என் தலையில். அது எந்தப் பக்கம் ஆடும் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் என்னைச் சக்கர நாற்காலியில் இருத்தினார்கள். எனக்கு நடக்க முடியும். அதைச் சொல்லவில்லை. தேரில் அம்மனை இழுப்பதுபோல் ஒருவர் பின்னால் தள்ள, எனக்கு முன் நின்ற வரிசையெல்லாம் விலகியது. இந்த வயதில் அப்படி ஒரு மரியாதையை வேண்டாம் என்பது அழகில்லை.

சுங்கக்காரர் பையைத் திறந்தார். ஒடியல் மா, மிளகாய்த் தூள், ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, என் கைப்பைக்குள் இருந்த பொலித்தீன் உறையைத்தான் பிடித்தார். அதற்குள் இருப்பது என் வீட்டுக் காணியின் உறுதிப் பத்திரம். இடம்பெயர்ந்து ஓடியபோது நகையை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். இதைச் சீதனமாக ஆரணி கையில் கொடுப்பதென்று நினைத்துக் கொண்டுவந்தேன். அங்கே வேலை செய்த ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, உது என்னெண்டு கேக்கினம்."

"காணி எண்டு சொல்லு பிள்ளை."

அவள் சொன்னாள். அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"அம்மா, இந்த நாட்டுக்குள்ளை மண் கொண்டுவரக் கூடாதாம்."

"மண் இல்லை எண்டு சொல்லு. கடுதாசிதான்."

அந்தக் காணியில் மண் இல்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும். அது பிறகு வரும்.

மார்க்கத்தில் முதல் நாள் முழுக்க யன்னலோடு இருந்தேன். பெரிய பெரிய வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் காருக்கென்று ஒரு வீடு. ஆனால் முன்பக்கத்தில் வேலி கிடையாது. ஒரு வீட்டுப் புல் எங்கே முடிகிறது, அடுத்த வீட்டுப் புல் எங்கே தொடங்குகிறது என்று ஆருக்கும் தெரியாது. மருமகன் குகனைக் கேட்டேன்.

"தம்பி, வேலி இல்லாமல் அயலோடை எப்பிடிக் கோவிக்கிறனீங்கள்?"

"மாமி, அயலிலை ஆர் எண்டே எங்களுக்குத் தெரியாது."

அதைக் கேட்கப் பாவமாக இருந்தது. எங்கள் ஊரில் ஒரு வேலிக் கதியால் அரை அடி நகர்ந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பேசாமல் இருப்பதற்கும் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை சாப்பிட வந்தார். நல்ல உயரம். வாசல் நிலையில் தலை இடித்துவிட்டு நிலையிடம் மன்னிப்புக் கேட்டார். அங்கேயே எனக்குப் பாதி பிடித்துவிட்டது. புட்டும் கணவாய்க் கறியும் வைத்தேன். கையால் சாப்பிட்டார். புட்டு வாய்க்குப் போகிற வழியில் பாதி மடியில் கொட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை. உறைப்பில் காது சிவந்து, மூக்குச் சிவந்து, கடைசியில் முழு ஆளும் செவ்விளநீர் நிறத்துக்கு வந்த பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

கை கழுவி முடிந்ததும் விசாரணையைத் தொடங்கினேன். ஆரணி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

"தம்பி, உம்மடை ஊர் எது?"

"ரொறன்ரோ."

"அது எல்லாருக்கும்தான் ரொறன்ரோ. அதுக்கு முதல்?"

"அப்பா சஸ்கச்சுவானில் பிறந்தவர். கோதுமை விளைகிற இடம்."

"அதுக்கு முதல்?"

"அப்பாவின் பாட்டனார் நோர்வேயிலிருந்து கப்பலில் வந்தவர்" என்றார்.

நோர்வே என்றதும் எனக்கு முகம் மலர்ந்தது. எங்கள் ஊரிலிருந்து நோர்வேக்கு மீன் வெட்டப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரிந்த இடம்தான்.

"நோர்வேயிலை எவடம்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பெயரிலேயே இடம் இருக்கிறதாம். பாக்கன் என்றால் நோர்வே மொழியில் சரிவு. மலைச் சரிவு. அங்கே நிறையப் பேருக்குக் குடும்பப் பெயர் காணியின் பெயர்தான்."

நான் நிமிர்ந்து இருந்தேன். காணியின் பெயர் மனிதருக்கு. இதைப் போய் இவர் எனக்கு விளங்கப்படுத்துகிறார். உரும்பிராயில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு. புளியடியில் இருக்கிறவர் புளியடியார், கிணற்றடியில் இருக்கிறவர் கிணற்றடியார். சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் மட்டும்தான் வெளியே வரும். ஆக, மாப்பிள்ளை ஒரு சரிவுக்குச் சொந்தக்காரர். வெள்ளைக்காரரிலும் காணி பூமி உள்ள பகுதி.

"இன்னும் பாக்கன் ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டேன். ஆரணி போனில் தட்டிக் காட்டினாள். பாக்கன், பாக்கன், பாக்கன் என்று விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். பல் வைத்தியர் பாக்கன், கப்பல் பாக்கன், பனியில் சறுக்கி ஓடுகிற பாக்கன். எங்கள் ஊரில் ஒரு காணிப் பெயரை இத்தனை பேர் சுமந்தால் அத்தனை பேரும் ஒரே குடும்பம். எனக்கு மலைப்பாகப் போய்விட்டது. இவ்வளவு சனத்துக்கு ஆவணியில் சோறு போட மண்டபம் காணாது.

அடுத்த நாள் காலை ஊரில் இருக்கிற தங்கச்சி பரமேசுக்குப் போன் எடுத்தேன். இங்கே எட்டு மணி, அங்கே பின்னேரம், கோயிலுக்கு வெளிக்கிடுகிற நேரம். அதாவது செய்தியைக் கொண்டுபோய்ப் பரப்ப நல்ல நேரம்.

"பரமேசு, மாப்பிள்ளை பகுதிக்கு நோர்வேயிலை ஒரு முழுச் சரிவு இருக்காம்."

"சரிவெண்டா?"

யாழ்ப்பாணத்தில் சரிவு என்றால் கூரைக்குத்தான் உண்டு. எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், "எங்கடை கோயில் மதிலிலை சாத்தின ஏணியை நினைச்சுக்கொள். அதிலை தோட்டம் செய்யிறது" என்றேன்.

"விழாதே?"

"விழாத ஆக்கள்தான் அங்கை இருக்கிறது."

அன்று இரவுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஆரணியின் மாப்பிள்ளை மலையாளி. மலையாளி என்றால் மலையை ஆள்பவர் என்று பரமேசு விளங்கப்படுத்தினாளாம்.

இனி அந்தச் சரிவின் பெயரும் நோர்வே ஊரும் கிடைத்தால் அட்டையின் கோட்டை நிரப்பலாம். எரிக்குடைய தாத்தாவின் தங்கை ஒருவர் ரொறன்ரோவிலேயே வெக்ஸ்போர்ட் என்ற பக்கத்தில் இருக்கிறாராம், இங்கிரிட் என்று பெயர், அவருக்குத்தான் பழைய கதை தெரியும் என்றார்கள். ஆறாம் நாள் அங்கே போவதென்று தீர்மானம். எரிக் வேலை முடிந்து நேரே வருவார். வசந்தியும் குகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆரணி என்னைப் பஸ்ஸில் கூட்டிப் போனாள். வெளியே இன்னும் குளிர் விடவில்லை, குகனின் குளிர் மேலங்கி எனக்குக் கணுக்கால் வரை வந்தது. கண்ணாடியில் பார்த்தால் உரச் சாக்குக்குத் தலை முளைத்தது மாதிரி. கைப்பைக்குள் உறுதியும் வந்தது. காணி உள்ளவர்களிடம் போகிறபோது வெறுங்கையோடு போகக்கூடாது.

இரண்டாவது பஸ்ஸில் யன்னலோரம் ஒரு மஞ்சள் கயிறு நீளத்துக்கு ஓடியது. பிடித்துக்கொள்ள வசதியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. கதவு திறந்தது, ஆரும் இறங்கவில்லை, கதவு மூடியது. ஐந்தாவது தரிப்பில் சாரதி ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன்.

"அம்மம்மா, கயிறை விடுங்கோ. அது இழுத்தா, லைக், இறங்கப்போறம் எண்டு அர்த்தம்."

"பிடிக்க எண்டல்லோ கட்டியிருக்கினம்."

"அம்மா யாழ்ப்பாணமோ?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடியில் மரவள்ளிக்கிழங்குப் பை. "எந்த ஊர்?"

"உரும்பிராய்" என்றேன், கொஞ்சம் உரக்க.

"ஆ, நான் கோண்டாவில். உரும்பிராயிலை எவடம்?"

"மாவடி வளவு."

அவர் கண்ணைச் சுருக்கி யோசித்தார். "மாவடி வளவு… கேள்விப்படேல்லை. நரிக்கலட்டி எண்டொரு இடம் இருக்கல்லோ, அதுக்குக் கிட்டவோ? எங்கடை அப்பர் ஆடு துலைஞ்சா அங்கைதான் தேடிப் போறவர். வெறும் கல்லு. மண்வெட்டி போட்டா மணியடிச்ச மாதிரிக் கேக்கும்."

"அது அங்காலை" என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, கார் விற்கிற கடை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தரிப்பில் மஞ்சள் கயிற்றை நானே இழுத்தேன்.

"அம்மம்மா, எங்கடை ஸ்ரொப் இன்னும் மூண்டு இருக்கு."

"நடப்பம் பிள்ளை. நடந்தா நல்லது."

இங்கிரிட் வீடு சின்ன வீடு. வாசலில் எரிக் நின்றார், இந்த நிலைக்குக் குனிந்து பழகியிருந்தார். ஒருவருக்கு முறை வைப்பதென்றால் வயது தெரிய வேண்டும், ஆகவே முதலில் அதைக் கேட்டேன். எண்பத்தொன்று. அக்கா என்று வைத்துக்கொண்டேன். அக்கா மெலிந்த மனிசி, கையில் மாவு. சிரித்தால் கண் காணாமல் போகும்.

மேசையில் உருளைக்கிழங்கை அவித்து மாவோடு பிசைந்து மெல்லிசாகத் தட்டிச் சுட்ட ரொட்டி இருந்தது. லெஃப்ஸ என்று பெயராம். நாங்கள் தட்டுகிற ரொட்டிக்கு மெலிந்த சகோதரம். பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தை ஏன் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறா என்று நினைத்தேன். அது ஆட்டுப் பால் கட்டி. அக்கா சீவித் தந்தா. வாயில் போட்டால் பனங்கட்டியைப் பாலில் போட்டுக் காய்ச்சின ருசி. மூன்று துண்டு சாப்பிட்ட பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"அக்கா, உங்கடை சரிவைப் பற்றிச் சொல்லுங்கோ."

ஆரணி மாற்றிச் சொன்னதும் அக்கா எழுந்துபோய் ஒரு படத்தைக் கொண்டுவந்தா. ஓரம் மஞ்சளித்த பழைய படம். மேலே சரிவு, சரிவு முழுக்கக் கல், கல்லுக்கு நடுவில் ஒரு குடில், குடிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆடு. ஆடு நின்ற நிலையைப் பார்த்தால் இரண்டு கால் கட்டை போலிருந்தது. கீழே தூரத்தில் சமதரையில் பெரிய வீடு, பெரிய களஞ்சியம், பச்சை வயல்.

நான் பெரிய வீட்டில் விரல் வைத்தேன். "இதுதானே உங்கடை?"

அக்கா சிரித்துக்கொண்டு என் விரலைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோய்க் குடிலில் வைத்தா.

பிறகு சொன்னா. ஆரணி ஒவ்வொரு வரியாக மாற்றித் தந்தாள். பெரிய வீடும் வயலும் வேறு ஆளுடையவை. அந்தச் சரிவும் பெரிய வீட்டுக்காரருடையதுதான். கப்பலில் வந்த அந்தப் பாட்டனார் பெரிய வீட்டில் கூலி வேலை செய்து கொடுப்பார். அதற்குப் பதிலாகச் சரிவில் குடில் கட்டி, கல்லுக்கு நடுவில் உருளைக்கிழங்கு நட்டுக்கொள்ளலாம். சரிவில் இருந்தபடியால் சரிவுக்காரர், பாக்கன். அந்தக் காலத்தில் அங்கே இருக்கிற இடம் மாறினால் பெயரும் மாறுமாம். அவருடைய தம்பி கீழே ஒரு பெண்ணைக் கட்டி அவளுடைய காணியில் போயிருந்தார், உடனே அந்தக் காணியின் பெயர் அவருக்கு வந்துவிட்டது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருக்கு இரண்டு பெயர். கப்பல் ஏறின நாளில் மூத்தவர் சரிவில் இருந்தார், ஆகவே சரிவு கப்பலில் ஏறிக் கனடாவுக்கு வந்து இறங்கிவிட்டது.

"மற்றப் பாக்கன் ஆக்கள்?" என்று கேட்டேன்.

"அங்கே எந்தப் பள்ளத்தாக்கிலும் ஒரு சரிவு இருக்கும். ஒவ்வொரு சரிவிலும் ஒரு ஏழை இருந்திருப்பான். நாங்கள் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை" என்றா அக்கா, ரொட்டியில் வெண்ணெய் பூசியபடி. வெட்கம் என்பது அந்த முகத்தில் ஒரு மூலையிலும் இல்லை. சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரிச் சொன்னா.

பரமேசு இந்நேரம் கோயில் வீதி முழுக்கச் சொல்லியிருப்பாள். ஏணியில் தோட்டம் செய்கிறவர்களுக்கு ஏணியும் சொந்தமில்லை. மூத்தவனுக்கு என்ன சொல்வேன்?

"பிள்ளை, வெளிக்கிடுவம்" என்றேன்.

ஆரணி வெளிக்கிடவில்லை. அவளுடைய முகம் வசந்தி சின்னப் பிள்ளையில் பரீட்சை முடிவு பார்க்கப் போன அன்று இருந்த மாதிரி இருந்தது. எரிக் ஒன்றும் விளங்காமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பால் கட்டித் தட்டை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். பாவம், அதுதான் பிரச்சினை என்று நினைத்துவிட்டார்.

அக்கா என் கைப்பையைக் காட்டி ஆரணியிடம் ஏதோ கேட்டா.

"உங்களிட்டையும் ஒரு பேப்பர் இருக்காமே எண்டு கேக்கிறா. நான்தான் சொன்னனான், எயார்போட் ஸ்ரோறி. பாக்கலாமோ எண்டு."

மறுக்க வழி இல்லை. அவர்கள் படத்தைக் காட்டிவிட்டார்கள். உறையோடு எடுத்து மேசையில் வைத்தேன். எனக்கு ஒரு துணிவும் இருந்தது. ஆரணி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவள், அங்கே படித்ததெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வருகிறவள் என்று வசந்தி எப்போதும் திட்டுவாள். உறுதித் தமிழ் படித்தவர்களுக்கே விளங்காது. இவள் எங்கே வாசிக்கப் போகிறாள்?

அவள் விரலை வைத்தாள். எழுத்தெழுத்தாக, கல்லில் நடக்கிறவள் மாதிரிக் கவனமாகப் போனாள்.

"உ-ரு-ம்-பி-ராய்… இறை-யில்… ந-ரி-க்-க… நரிக்க-லட்டி… எனப்-படும் காணி." நிமிர்ந்தாள். "அம்மம்மா, மாவடி வளவு எண்டல்லோ நீங்கள் சொல்லுறனீங்கள்? நரி எண்டா ஃபொக்ஸ்தானே? கலட்டி எண்டா என்ன?"

எழுபத்தெட்டு வயதில் எனக்கு வேர்த்தது. குகனின் மேலங்கி வேறு.

"கல்லு" என்றேன். "அடியிலை முழுக்கக் கல்லு. மண் ஒரு சாண் கூட இல்லை."

அவள் அதை அப்படியே மாற்றிச் சொன்னாள். அக்கா இரண்டு கையையும் தட்டினா. கையிலிருந்த மாவு பறந்தது.

"என்னவாம்?"

"உங்களுக்குக் குடுத்துவைச்சிருக்காம். தங்களுக்குக் கல்லு மட்டும்தான் இருந்தது, நரி இல்லையாம்."

அவ சிரித்த சிரிப்பில் கேலி இல்லை. அதுதான் என்னை ஆட்டியது. அந்த மனிசி கல்லில் விரலை வைத்துக் காட்டிவிட்டு நிம்மதியாக ரொட்டி தின்கிறா. நான் ஐம்பத்தைந்து வருடமாகக் கல்லுக்கு மேல் பாய் விரித்து அதற்கு மேல் இருந்துகொண்டிருக்கிறேன்.

சொன்னேன். ஆரணி மாற்றிச் சொல்லட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் மாமனார் அந்தக் காணியில் வாரத்துக்குச் செய்தவர். விளைவதில் பாதி காணிக்காரருக்கு. ஒன்றும் விளையாதபடியால் பாதி கொடுப்பது சுலபமாக இருந்தது. கடைசியில் காணிக்காரர் அலுத்துப்போய் அதை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரில் அவருக்கு நரிக்கலட்டியார் என்றுதான் பெயர். என் வீட்டுக்காரர் நரிக்கலட்டியாற்றை மகன். நான் கலியாணம் கட்டி வந்த அன்று ஒரு கிழவி என்னைக் காட்டி "உவதான் நரிக்கலட்டியின்ரை மருமகள்" என்றா. அன்று பின்னேரமே இரும்பு அலவாங்கால் கல்லை உடைத்து ஒரு மாங்கன்று நட்டேன். அடுத்த கிழமை முதல் மாவடி வளவு. தபால்காரரைக்கூட அப்படிச் சொல்லப் பழக்கினேன்.

"மா நல்லாக் காய்ச்சுதோ?" அக்கா கேட்டதாக ஆரணி சொன்னாள்.

"இல்லை. இண்டைவரைக்கும் ஒரு பிஞ்சும் இல்லை. கீழை கல்லு."

அக்கா கண்ணைத் துடைத்தா. எரிக் அதுவரை விரல் விட்டு எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரணியிடம் மெல்லக் கேட்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"அம்மம்மா, இந்தக் காணியை எனக்குத்தானே தாறியள்? அப்ப தங்கடை முறைப்படி பெண்ணின்ரை காணிக்கு வாற மாப்பிள்ளைக்கு அந்தக் காணியின்ரை பேர் வரும். அப்ப தன்ரை பேர் எரிக் நரிக்கலட்டியோ எண்டு கேக்கிறார்."

அந்தப் பெயரை அவர் சொன்ன விதம் இருக்கிறதே. 'ட்டி'யில் நாக்கு வழுக்கி, நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கி, ஆனால் முழுப் பெயரையும் சொன்னார். ஐம்பத்தைந்து வருடத்தில் அந்தப் பெயரை மரியாதையாகக் கேட்ட முதல் ஆள். எங்கள் மாப்பிள்ளைமார் சீதனக் காணிக்கு வருவார்கள், வேலியையும் கிணற்றையும் தங்கள் பெயரில் பேசுவார்கள். காணியின் பெயரைத் தன் பெயரில் எழுதட்டோ என்று ஒருவரும் கேட்டதில்லை.

"தலையிடி வரும் தம்பி, யோசிச்சுச் செய்யும்" என்றேன். பிறகு, கேட்காமலே இன்னொரு துண்டுப் பால் கட்டி எடுத்துக்கொண்டேன். ஆரணிக்கு அது விளங்கியது. வசந்திக்கு உடனே போனில் ஏதோ தட்டினாள். இரண்டு நிமிடத்தில் வசந்தியிடமிருந்து கும்பிடுகிற கை வரிசையாக வந்தது.

அடுத்த நாள் காலை பரமேசுக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். சரிவு அவர்களுடையது இல்லை, கூலிக்காரர், குடில், ஆடு எல்லாம். கடைசியாக, "அதோடை பரமேசு, எங்கடை வளவின்ரை உண்மையான பேர்…" என்று தொடங்கினேன்.

"நரிக்கலட்டி" என்றாள் அவள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அக்கா, ஊருக்கே தெரியும். நீ ஒராள்தான் மாவடி எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாய். தபால்காரன் உன்ரை படலையிலை மாவடி வளவு எண்டு கூப்பிட்டிட்டு, எங்கடை படலைக்கு வந்து சிரிக்கிறவன்."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொன்னா நீ கோவிப்பாய். உன்ரை கோவத்துக்கு ஊரிலை வேலி காணாது."

மூத்தவனுக்கு நானே போன் எடுத்து, ஆவணிக்கு லீவு போடச் சொன்னேன். "அம்மா, ஊர் விசாரிச்சிட்டியளோ?" என்று கேட்டான். "விசாரிச்சிட்டன், எங்கடை பகுதிதான்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

நேற்று ஸ்காபரோவில் அட்டை அடிக்கிற கடைக்குப் போனோம். மாப்பிள்ளை பக்கத்துக் கோட்டில் 'நோர்வே, மலைச்சரிவைச் சேர்ந்த' என்று போடச் சொன்னேன். அக்காவிடம் கேட்டு அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையும் போடலாம் என்றாள் வசந்தி. அது மூன்று வரி நீளம், வேண்டாம் என்றேன். பிறகு பெண் பக்கத்தில் உரும்பிராய்க்குப் பக்கத்தில் ஒரு சொல் சேர்க்கச் சொன்னேன். கடைக்காரர் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, நரிக்கலட்டி எண்டே போடுறது? பிறகு அச்சுப் பிழை எண்டு என்னைப் பேசக்கூடாது."

"பிழை இல்லைத் தம்பி. கொஞ்சம் பெரிய எழுத்திலை போடும்."

வசந்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஐம்பதுக்குக் கிட்ட வருகிற பிள்ளை, முதல்முறை என்னைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அவளும் அந்தப் பெயரைத் தெரியாதவள் மாதிரித்தான் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இவ்வளவும் எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது. கொப்பி முடிகிறது. ஆரணி வேலையால் வந்து மேசையில் இருக்கிறாள், பக்கத்தில் எரிக், அக்கா கொடுத்துவிட்ட ரொட்டிக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டு. உறுதியையே வாசித்தவள் என் எழுத்தையும் வாசிப்பாள்.

இந்தா பிள்ளை, கொப்பி. முதலிலை இருந்து வாசி. அவசரமில்லை, எழுத்தெழுத்தா வாசி. நான் பஸ்ஸிலை அந்தக் கோண்டாவில் ஆளுக்கு மாவடி வளவு எண்டு சொன்ன இடம் வந்தா அதை மெல்லமா வாசி. மற்றப் பேர் வாற இடத்திலை உரத்து வாசி, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும். இங்கை வேலி இல்லைத்தானே.